பாம்பறிந்த கைகளும் பாராமுகமான ஆட்சிகளும்

நூறு பேர் ஒரே இடத்தில், ஒரே பொழுதில் மாண்டுபோனால் நாடு அதிர்கின்றது. இதழ்கள் கொட்டை எழுத்தில் அலறுகின்றன. அமைச்சர்கள் ஓடோடி வருகின்றனர். அதே நூறு பேர் நூறு ஊர்களில், நூறு வரப்புகளில், ஒருவர்பின் ஒருவராய் ஓசையின்றி மாண்டுபோனால் அஃது எவர் காதிலும் விழுவதில்லை. பாம்புக்கடிச் சாவு அத்தகைய ஓசையற்ற சாவு. 2000-ஆம் ஆண்டு தொடங்கி 2019-ஆம் ஆண்டு முடிய, இருபது ஆண்டுகளில் இந்திய ஒன்றியத்தில் பாம்பு தீண்டி இறந்தோர் ஏறத்தாழ 12 இலக்கம் பேர் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. ஆண்டுக்கு 58,000 பேர்; நாளொன்றுக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர். இவ்வொன்றியத்தில் பிறந்த ஒருவர் எழுபது அகவைக்குள் பாம்புக்கடியால் இறப்பதற்குரிய வாய்ப்பு 250-இல் ஒன்று என்றும் அவ்வாய்வு கூறுகின்றது. வேறெந்த நாட்டிலும் இத்துணைப் பேர் பாம்புக்கு இரையாவதில்லை.

இறப்போர் யாவர்? மாடமாளிகைகளில் வாழ்வோர் அல்லர். மகிழுந்தில் சென்று மகிழுந்தில் திரும்புவோர் அல்லர். நாற்று நடும் பெண்கள்; இரவில் மடை திறக்கச் செல்லும் உழவர்கள்; கரும்பு வெட்டும் கூலியாட்கள்; வைக்கோற்போரில் கைவிடுவோர்; குடிசைத் தரையில் பாயை விரித்து உறங்கும் சிறுவர்கள். இச்சாவுகளுள் மிகப் பெரும்பாலானவை சிற்றூர்களிலேயே நிகழ்கின்றன; ஏறத்தாழப் பாதி தென்மேற்குப் பருவமழைத் திங்கள்களில் நிகழ்கின்றன. நெல் இருக்கும் இடத்திற்கு எலி வருகின்றது. எலி இருக்கும் இடத்திற்குப் பாம்பு வருகின்றது. அந்நெல்லை விளைவித்த கால்களே பாம்பின் பல்லுக்கு இலக்காகின்றன. சோறுண்போர் அனைவருக்காகவும் உழவர் இடும் கால், காலணியில்லாக் காலாக இருக்கின்றது. இஃது இயற்கையின் கொடுமை மட்டுமா? குமுகாயத்தின் கொடுமையும் அன்றோ?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது தமிழர் பழமொழி. ஆயினும் நடுங்கிய படையின் நடுவே நடுங்காது நின்று, பாம்புகளை இனம் பிரித்து, குணம் அறிந்து, பெயரிட்டு வைத்தவரும் தமிழரே. இம்மண்ணில் மாந்தரைப் பெரிதும் கொல்லும் பாம்புகள் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இப்பெயர்களைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். உடலில் வெண்கட்டுகள் வரிவரியாய் அமைந்தது கட்டுவிரியன். முதுகில் கண்ணாடிச் சில்லுகளை நிரல்பட வைத்தாற்போன்ற புள்ளிகளை உடையது கண்ணாடி விரியன். உடலைச் சுருட்டிச் செதிலோடு செதிலை உரசி அரம்போல் ஒலியெழுப்புவது சுருட்டை விரியன். பெயரைச் சொன்ன அளவில் பாம்பே கண்முன் வந்து நிற்கின்றது. கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரோ பாம்பைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சோழமண்டலக் கரைப் பாம்புகளைத் தொகுத்து 1796-இல் நூல் வெளியிட்ட பேட்ரிக் ரசல் என்னும் கிழக்கிந்தியக் குழும மருத்துவரின் பெயரையே அது தாங்கி நிற்கின்றது. அவர் உழைப்பைக் குறைத்துக் கூற வேண்டுவதில்லை. ஆயின் இரவில் விளக்கொளியில் ஒரு பாம்பைக் கண்ட உழவனுக்கு, ‘ரசல்’ என்னும் சொல் எதனைக் காட்டும்? ‘கண்ணாடி’ என்னும் சொல் எல்லாவற்றையும் காட்டுமே!

மொழி என்பது வெறும் ஒலிக்கோவை அன்று. தலைமுறை தலைமுறையாகப் பட்டறிந்து சேர்த்த அறிவின் வைப்பறை. அவ்வறையின் திறவுகோலைத் தொலைத்துவிட்ட இனம் உள்ளே இருக்கும் செல்வத்தையும் தொலைத்துவிடும். இன்று நகரத்துப் பள்ளிகளில் படிக்கும் தமிழ்ப்பிள்ளைகளிடம் பாம்பின் பெயர் கேட்டால் ‘கோப்ரா’ என்பர்; ‘பைத்தான்’ என்பர். சாரைப்பாம்பு நஞ்சற்றது, எலியைத் தின்று உழவர்க்கு நன்மை செய்வது என்பதை அறியார். அதனால் சாரையும் அடிபடுகின்றது, நீர்ச்சாரையும் அடிபடுகின்றது, நஞ்சுள்ளதும் அற்றதும் வேறுபாடின்றி அடிபடுகின்றன. பெயரை இழந்தவர் அறிவை இழந்தனர். அறிவை இழந்தவரிடம் அச்சம் ஒன்றே எஞ்சிற்று.

ஆயினும் வழிவழி வந்த அறிவு என்பதற்காகவே எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுதல் பகுத்தறிவு ஆகாது. கட்டுவிரியன் என்னும் பெயரிலே ‘விரியன்’ இருப்பினும், உயிரியல் பாகுபாட்டில் அது விரியன் குடும்பத்தது அன்று, நாகத்தின் குடும்பத்தது. இவ்வேறுபாடு ஏட்டுச்சுரைக்காய் அன்று. உயிரைக் காக்கும் வேறுபாடு. நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குவன. கடிபட்டவரின் கண்ணிமை செருகும், நாக்குழறும், விழுங்க இயலாது, இறுதியில் மூச்சுத் தசைகள் செயலற்றுப்போகும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் குருதியைத் தாக்குவன. கடிவாய் வீங்கிக் கடுக்கும். குருதி உறையும் தன்மையை இழந்து பல்லீறிலும் சிறுநீரிலும் கசியும். கண்ணாடி விரியன் நஞ்சு சிறுநீரகத்தையும் கெடுக்கும். தூய்மையான, உலர்ந்த கண்ணாடிக் குழலில் கடிபட்டவரின் குருதி சிறிதளவு எடுத்து, அசைக்காமல் இருபது மணித்துளி வைத்து, உறைந்ததா இல்லையா என்று பார்த்தாலே விரியன் நஞ்சு ஏறியதை அறியலாம். இதற்குப் பெரும்பொருளும் வேண்டா, பெருங்கருவியும் வேண்டா.

இந்நான்கனுள் கட்டுவிரியன் செய்யும் கேடு தனித்தது. பகலில் ஒடுங்கிக் கிடந்து இரவில் இரைதேடி வரும் அது, தரையில் படுத்துறங்குவோரின் பக்கத்தில் ஊர்ந்து, அவர் புரண்டு படுக்கும்போது தீண்டிவிடும். கடித்த இடத்தில் வலி இராது; வீக்கம் இராது; பல் பட்ட தடங்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்பர், தொண்டை அடைக்கின்றது என்பர், இமை தாழும். உணவு ஒவ்வவில்லை என்று எண்ணிக் கைமருந்து கொடுப்பதற்குள் உயிர் போய்விடும். ஏன் இறந்தார் என்பதுகூட அறியப்படாமல் புதைக்கப்பட்டோர் எத்துணைப் பேரோ! கயிற்றுக் கட்டில் ஒன்றும் கொசுவலை ஒன்றும் இருந்திருப்பின் அவருட் பலர் பிழைத்திருப்பர்.

ஈண்டு ஒன்றை வெளிப்படையாகக் கூறியே ஆகவேண்டும். கடிபட்டவரைக் கொல்வது பாம்பின் நஞ்சு மட்டும் அன்று. மூடநம்பிக்கை என்னும் நஞ்சும் உடன் சேர்ந்தே கொல்கின்றது. மந்திரிப்போர், வேப்பிலை அடிப்போர், ‘நச்சுக்கல்’ ஒட்டுவோர், கடிவாயைக் கத்தியால் கீறுவோர், வாய்வைத்து உறிஞ்சுவோர், குருதியோட்டம் நிற்கும்படி கயிற்றால் இறுக்கிக் கட்டுவோர் ஆகியோரிடம் முதல் இரண்டு மூன்று மணிநேரத்தை இழந்தவர் எண்ணற்றோர். மந்திரத்தால் பிழைத்ததாகச் சொல்லப்படுவோர் யார்? நஞ்சற்ற பாம்பு கடித்தவர். அன்றி, நஞ்சுள்ள பாம்பே கடித்தும் நஞ்சு இறங்காத ‘வெறுங்கடி’ பட்டவர். பிழைக்க வேண்டியவர் பிழைத்ததைத் தம் ஆற்றல் என்று பறையறைவோர், இறந்தவர் இறந்ததை ஊழின்மேல் ஏற்றிவிடுகின்றனர். 2011-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, பாம்புக்கடியால் இறந்தோருள் மருத்துவமனையில் இறந்தோர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. எஞ்சிய முக்காற்பங்கினர் வீட்டிலோ வழியிலோ மந்திரவாதி வாயிலிலோ மாண்டனர்.

புற்றுக்குப் பால் ஊற்றுவதும், முட்டை வைப்பதும், ‘நாகக் குற்றம்’ என்று கணியன் சொற்கேட்டுக் கழுவாய் செய்வதும் இம்மடமையின் மறுபக்கங்களே. பாம்பு பால் குடித்து வாழும் உயிர் அன்று. தொன்மக் கதைகளின் பாம்பை வணங்கி, வரப்பிலுள்ள பாம்பைப்பற்றி ஒன்றும் அறியாதிருத்தல் அறிவுடைமை ஆகாது. தமிழ் மருத்துவத்தின் பெருமையைப் பேசுவோரும் ஒன்றை உணர வேண்டும். தன்னால் ஆகாததை ஆகாது என்று சொல்வதே மருத்துவத்திற்கு அழகு. உடலில் ஏறிய பாம்பு நஞ்சினைக் கட்டுப்படுத்தி நீக்கும் மருந்து இன்று நச்சுமுறி ஒன்றே. தமிழின் பெயரால் பச்சிலை கொடுத்துத் தமிழனைச் சாகவிடுதல் தமிழ்ப்பற்று ஆகாது, தமிழ்க்கொலை ஆகும்.

அந்நச்சுமுறி எவ்வாறு உண்டாகின்றது? பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றினால், அதன் குருதியில் அந்நஞ்சை எதிர்க்கும் பொருள் உண்டாகின்றது. அக்குருதிநீரைப் பிரித்துத் தூய்மை செய்து குப்பியில் அடைக்கின்றனர். 1890-களில் பிரெஞ்சு அறிஞர் ஆல்பர்ட் கால்மெட் தொடங்கிவைத்த முறை இது. இன்று இவ்வொன்றியத்தில் கிடைக்கும் நச்சுமுறி, மேற்சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவாகச் செய்யப்படுவது. எனின், குதிரைக்கு ஏற்றுதற்குரிய நஞ்சு எங்கிருந்து வருகின்றது? ஆய்வுக்கூடத்தில் அதனைச் செய்ய முடியாது. உயிருள்ள பாம்பின் பல்லிலிருந்தே எடுத்தாக வேண்டும். அப்பாம்பை யாரோ ஒருவர் பிடித்தாக வேண்டும்.

அந்த ‘யாரோ’ ஒருவர் தமிழர். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளில் வாழும் இருளர் என்னும் தொல்குடித் தமிழர். மணலில் ஊர்ந்த தடத்தைக் கொண்டே இன்ன பாம்பு, இன்ன பக்கம் சென்றது என்று சொல்வர். உரித்த சட்டையையும் எச்சத்தையும் கண்டு வளையைக் கண்டறிவர். கடப்பாறை ஒன்றும் வெறுங்கையுமே அவர்தம் கருவிகள். பாம்பின் கால் பாம்பறியும் என்பர். இம்மண்ணில் இருளரும் அறிவர். ஒரு காலத்தில் பாம்புத்தோல் வணிகருக்காகப் பாம்பு பிடித்துக் காற்காசு கூலி பெற்றனர். தோல் ஏற்றுமதியால் வணிகர் கொழுத்தனர். இருளர் குடிசை குடிசையாகவே இருந்தது. 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின் பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டது. சட்டம் வேண்டத்தக்கதே. ஆயின் அச்சட்டத்தால் பிழைப்பிழந்த மக்களுக்கு மாற்று என்ன என்று சட்டம் செய்தவர் கேட்கவில்லை.

1978-இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலசு விட்டேக்கர் துணையோடு, மாமல்லபுரம் செல்லும் வழியிலுள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, மண்பானையில் வைத்துத் துணியால் வாய்கட்டி, மூன்று நான்கு கிழமைகளில் நான்கு முறை நஞ்செடுத்து, அடையாளம் இட்டு, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். பாம்பும் வாழ்கின்றது; பிடித்தவரும் வாழ்கின்றார்; எங்கோ ஒரு வரப்பில் கடிபட்டவரும் வாழ்கின்றார். இவ்வொன்றியத்தின் நச்சுமுறி உருவாக்கத்திற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பங்கு இச்சங்கத்திலிருந்தே சென்றிருக்கின்றது. பீகாரில் பிழைத்த ஓர் உழவனின் உடலிலும், ஒடியாவில் பிழைத்த ஒரு சிறுமியின் உடலிலும் இருளர் கையின் கொடை ஓடியிருக்கின்றது. அவர்கள் அதனை அறியார். தமிழருள்ளும் எத்துணைப் பேர் அறிவர்?

உலகு அறிந்தது. அமெரிக்க ஒன்றிய நாடுகளின் தென்கிழக்குக் கோடியில், வெப்பமண்டலத்தை அடுத்துள்ள புளோரிடாவின் சதுப்பு நிலங்களில், வளர்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்டுப் பின் வெளியில் விடப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அந்நிலத்து விலங்குகளை விழுங்கித் தீர்த்தன. பல்கலைக்கழக அறிஞர்களும் வேட்டைக்காரர்களும் முயன்றும் புல்லிடையே மறையும் அப்பாம்புகளைக் கண்டுபிடித்தல் அரிதாயிற்று. 2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவரை அழைத்தனர். முன்பின் அறியாத நாடு, அறியாத நிலம், அறியாத பாம்பு. எனினும் முதல் இரண்டு கிழமைக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளம். விண்கலம் விடுக்கும் நாட்டார்க்கு இயலாததைத் தமிழ்நாட்டுத் தொல்குடியினர் இருவர் தம் கண்ணையும் கையையும் கொண்டு செய்து காட்டினர். 2023-இல் அவ்விருவர்க்கும் நடுவண் அரசு ‘பத்மசிறீ’ எனப்படும் தாமரைத்திரு விருது வழங்கிற்று. மகிழத்தக்கதே.

ஆயின் விருது இருவர்க்கு, வறுமை இனத்திற்கு. தமிழ்நாட்டில் மிக நலிந்த தொல்குடிகள் என்று அரசே வகைப்படுத்திய ஆறு குடிகளுள் இருளரும் ஒரு குடியினர். இருளர் குடும்பங்கள் நெல் ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் கொத்தடிமைகளாய்க் கிடந்து மீட்கப்பட்ட செய்திகள் மீண்டும் மீண்டும் வந்துள்ளன. பிள்ளைகள் படிப்பதற்குச் சாதிச் சான்றிதழ் பெறவே ஆண்டுக்கணக்கில் அலுவலக வாயில்களில் காத்துக் கிடக்கின்றனர். ஒவ்வோர் ஆண்டும் இத்துணைப் பாம்புதான் பிடிக்கலாம் என்று காட்டுத்துறை எழுதிக்கொடுக்கும் இசைவை நம்பியே சங்கத்தின் அடுப்பு எரிகின்றது. தாள் வரத் தாழ்ந்தால் அடுப்பும் தாழும். ஒன்றியம் முழுவதற்கும் உயிர்க்கொடை செய்யும் கைகளுக்கு உரிமை நிலம் இல்லை; உறுதியான வருவாய் இல்லை. இதனினும் நாணத்தக்கது தமிழ்நாட்டிற்கு வேறு என்ன இருக்கின்றது?

நஞ்சு தமிழ்நாட்டினது, அதனை எடுக்கும் கைகள் தமிழருடையன. நச்சுமுறி செய்யும் தொழிற்கூடங்களோ பெரும்பாலும் மும்பை, புனே, ஐதராபாத்து போன்ற வெளிநகரங்களில் உள்ளன. பருத்தியை விற்றுத் துணியை வாங்கிய அடிமைக் காலத்துக் கதை இன்றும் நஞ்சின் வடிவில் தொடர்கின்றது. மருந்தாகத் திரும்பி வரும் குப்பியின் மேலும், அதனுடன் வரும் தாளிலும் தமிழ் இல்லை. அரசு மருத்துவமனையில் அக்குப்பியைக் கையாளும் செவிலியர் தமிழர், மருத்துவர் தமிழர், கடிபட்டவர் தமிழர், மருந்தின் மூலமும் தமிழகத்துப் பாம்பு. இடையில் நிற்கும் எழுத்து மட்டும் ஆங்கிலம். ‘கண் செருகுகிறது, நாக்கு தடிக்கிறது’ என்று உழவர் வீட்டுப் பெண் சொல்லும் சொல்லை ஆங்கிலத்தில் மாற்றிப் பார்த்தே நோயை அறியுமாறு மருத்துவர் பழக்கப்பட்டுள்ளார். மருத்துவக் கல்வி தமிழில் வேண்டும் என்பதை வெறும் மொழிவெறி என்று இகழ்வோர், இம்மொழிபெயர்ப்பில் கரையும் மணித்துளிகளைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு கேடும் உண்டு. ஒரே இனப் பாம்பாயினும் நிலத்திற்கு நிலம் அதன் நஞ்சின் கூறுகள் மாறுபடுகின்றன என்பதை அண்மை ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சைக் கொண்டு செய்த முறிமருந்து வடபுலத்துப் பாம்பின் நஞ்சை அதே அளவில் முறிப்பதில்லை. மேற்குமலைத் தொடரில் தேயிலை, காப்பித் தோட்டத் தொழிலாளரைத் தீண்டும் கூன்மூக்குக் குழிவிரியனின் நஞ்சுக்கு இப்பொது மருந்து பொருந்துவதே இல்லை. கடல் கடந்த ஈழத்திலும் இலங்கையிலும் இந்திய மருந்தே இறக்குமதி செய்யப்படுகின்றது. அங்குள்ள பாம்புகளின் நஞ்சினின்று செய்யப்படாத அம்மருந்தை, வேறு வழியின்றி யாழ்ப்பாணத்துச் சுருட்டை விரியன் கடித்தார்க்கும் வன்னி வயல்களில் கடிபட்டார்க்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியுள்ளது. மருந்தின் ஒவ்வாமையும் மிகுகின்றது. ஒரே நடுவத்தில் அமர்ந்துகொண்டு எல்லா நிலத்திற்கும் ஒரே சட்டை தைக்கும் போக்கு அரசியலில் மட்டுமன்றி மருத்துவத்திலும் பொருந்தாது என்பதைப் பாம்பின் நஞ்சே மெய்ப்பிக்கின்றது.

ஆட்சிகள் ஒன்றுமே செய்யவில்லை என்பது உண்மை ஆகாது. 2017-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களுள் முதன்மை தரத்தக்கதாக ஏற்றது. 2019-இல் அச்சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கத் திட்டம் வகுத்தது. 2024 மார்ச்சில் நடுவண் அரசும் அதே இலக்கை ஏற்றுச் செயல்திட்டம் வெளியிட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டரசு பாம்புக்கடியை அரசுக்கு அறிவித்தே தீரவேண்டிய நோயாக ஆக்கிற்று. இனி அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் ஒவ்வொரு கடியையும் கணக்கில் காட்டியாக வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஆய்வில் சாவு மிகுந்தவையாகச் சுட்டப்பட்ட மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு இடம்பெறவில்லை என்பதும் உண்மையே. இவற்றைப் பாராட்டலாம். ஆயின் எண்ணுதல் வேறு, காத்தல் வேறு. மருத்துவமனைக்கு வந்தவரைத்தான் மருத்துவமனை எண்ணும். வாராமலே இறந்தவரை எவர் எண்ணுவார்? பிழைத்தும் விரல் இழந்து, கால் இழந்து, சிறுநீரகம் கெட்டுக் கூலிக்குச் செல்ல இயலாமல் முடங்கியோரை எவர் எண்ணுவார்? உலகளவில் பாம்புக்கடியால் இறப்போரைப்போல் மும்மடங்கினர் உறுப்பிழந்தோ நிலையாக ஊனமுற்றோ வாழ்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகின்றது.

பெரும்பொருள் இருந்தால்தான் செய்ய முடியும் என்று சாக்குச் சொல்வோர் நேபாளத்தைப் பார்க்கட்டும். இமயத்தின் அடிவாரத்தில் உள்ள அந்நாட்டின் தென்கிழக்குத் தாழ்நிலம், பாம்புகள் மலிந்த வெப்பமான வயற்பகுதி, மக்கள் ஏழைகள், சாலைகள் சிறியன. 2003-04-இல் அங்கு நான்கு ஊர்களில் ஒரு செயல் தொடங்கப்பட்டது. இருசக்கர உந்துவண்டி வைத்திருக்கும் இளைஞர்களைத் தொண்டர்களாகத் திரட்டினர். கடிபட்டவரை நடுவில் அமர்த்தி, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடிக்க, எந்நேரமாயினும் நேரே மருத்துவ நிலையத்திற்குக் கொண்டு சென்றனர். கடிபட்டோருள் நூற்றுக்குப் பதின்மர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, நூற்றுக்கு ஒருவருக்கும் கீழே இறப்பு இறங்கியது. அதே நிலப்பகுதியில் கொசுவலைக்குள் உறங்குவோர்க்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைகின்றது என்பதும் 2007-இல் வெளிவந்த ஆய்வால் புலனாயிற்று. கொசுவலையும் உந்துவண்டியும் ஒழுங்குபட்ட இளைஞரும் போதும். நேபாளத்து ஏழை ஊர்களால் இயன்றது, பொங்கலுக்கும் தேர்தலுக்கும் கோடி கோடியாய் இலவயங்கள் வழங்கும் தமிழ்நாட்டால் இயலாதா?

ஆகவே தமிழ்நாட்டரசு செய்யவேண்டுவன இவை:

ஒன்று: நச்சுமுறி உருவாக்கும் தொழிற்கூடம் ஒன்றை அரசே தமிழ்நாட்டில் நிறுவ வேண்டும், அதில் இருளர் கூட்டுறவுச் சங்கம் கூலிபெறும் அமைப்பாக அன்றிப் பங்குரிமை உடைய அமைப்பாக விளங்க வேண்டும். மேற்குமலைக் குழிவிரியனுக்கும் ஏற்ற மருந்தை அக்கூடம் ஆராய்ந்து காண வேண்டும்.

இரண்டு: தமிழ்நாட்டில் விற்கப்படும் நச்சுமுறிக் குப்பியிலும் அதன் விளக்கத்தாளிலும் தமிழ் கட்டாயமாக இடம்பெற வேண்டும்.

மூன்று: ஒவ்வோர் ஊர்ப்புற மருத்துவ நிலையத்திலும் பருவமழைக்கு முன்பே நச்சுமுறி இருப்பில் இருத்தல் வேண்டும், செயற்கை மூச்சு அளிக்கத் தெரிந்தவர் பணியில் இருத்தல் வேண்டும்.

நான்கு: வயல்வேலை செய்வோர்க்குக் கணுக்காலுக்கு மேல் உயர்ந்த காலணியும் மின்கைவிளக்கும், தரையில் உறங்கும் வீடுகளுக்குக் கொசுவலையும் அரசு செலவில் வழங்க வேண்டும்.

ஐந்து: பள்ளிப் பாடநூல்களில் இம்மண்ணின் பாம்புகளை அவற்றின் தமிழ்ப் பெயர்களோடும் படங்களோடும் கற்பிக்க வேண்டும், அப்பாடத்தை நடத்த இருளர் பெரியோரை ஊதியம் கொடுத்து அழைக்க வேண்டும்.

ஆறு: இருளர் குடும்பங்களுக்கு மனைநிலப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் காலவரையறைக்குள் வழங்க வேண்டும், சங்கத்திற்குரிய இசைவை ஆண்டுதோறும் கெஞ்சிப் பெறும் நிலையை மாற்றி நெடுங்காலத்திற்கு உறுதிசெய்ய வேண்டும்.

அரசு செய்யும்வரை தமிழ் இயக்கத்தார் வாளா இருத்தல் தகாது. கூட்டம் கூட்டிக் கைதட்டிக் கலைவதோடு தமிழ்த்தொண்டு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் உள்ள தமிழன்பர்கள், நான்கு பாம்புகளின் படத்தையும், செய்ய வேண்டுவதையும் செய்யக்கூடாததையும் எளிய தமிழில் அச்சிட்டுத் தேநீர்க்கடை, களத்துமேடு, பள்ளி, பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களில் ஒட்டலாம். எழுதவேண்டிய செய்தி நெடியது அன்று. கடிபட்டவரை அமைதிப்படுத்துக, நடக்கவிடாதீர், கடிபட்ட உறுப்பை அசையாமல் மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டுக, மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றுக, இறுக்கிக் கட்டாதீர், கீறாதீர், உறிஞ்சாதீர், பாம்பைத் துரத்திப் பிடிக்க முயன்று இன்னொருவர் கடிபடாதீர், 108-ஐ அழைத்தோ கிடைத்த ஊர்தியிலோ உடனே மருத்துவமனை செல்க. இவ்வளவே. மந்திரவாதியிடம் செல்ல முற்படும் குடும்பத்தாரின் வழியை மறித்து நின்று, வண்டியைத் தாமே ஓட்டிச் செல்லும் இளைஞர் இருவர் ஊர்தோறும் இருப்பின், அவ்வூரில் தமிழ் இயக்கம் உயிரோடு இருக்கின்றது என்று பொருள்.

பாம்புகளை அடித்தொழித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோரும் உளர். பாம்பு ஒழிந்த வயலில் எலி ஆளும். எலி ஆளும் களஞ்சியத்தில் பட்டினி ஆளும். வீட்டருகே கற்குவியலும் விறகடுக்கும் வைக்கோலும் இன்றித் தூய்மை பேணினால், எலி வாராது. எலி வாராவிடின் பாம்பும் வாராது. ஒன்றன் இடத்தை ஒன்று மதித்து வாழும் முறையை இம்மண்ணின் மக்கள் நெடுங்காலம் அறிந்திருந்தனர். அவ்வறிவின் கடைசிக் காவலர்களாய் இருளர் எஞ்சியுள்ளனர். அவருடைய பிள்ளைகள் சூளைக்கும் ஆலைக்கும் கூலிகளாய்ச் சிதறிப்போவாராயின், ஒரு தலைமுறைக்குள் அவ்வறிவு மண்ணோடு மண்ணாய் மறையும். அதன்பின் எந்தப் பல்கலைக்கழகமும் அதனை மீட்டுத் தர இயலாது.

அடுத்த பருவமழை தொலைவில் இல்லை. மழை இறங்கும் முன் நச்சுமுறி சிற்றூர்களுக்குச் சென்று சேரவேண்டும். துண்டறிக்கைகள் சுவர்களில் ஏறவேண்டும். இருளர் கையில் பட்டாவும் சான்றிதழும் விழவேண்டும். தமிழ்நாட்டு ஆட்சியாளர் இதனைச் செய்யட்டும். செய்யாவிடின், செய்யுமாறு வற்புறுத்தும் கடமை வரப்பில் நடப்போர்க்கு மட்டும் உரியதன்று. வரப்பில் விளைந்த சோற்றை உண்ணும் தமிழர் ஒவ்வொருவர்க்கும் உரியது.